உலக வரலாறும் முனுசாமியின் பித்தப்பையும்

1. வரவேற்பறையில் ஒரு வயிற்றுவலி

கறுப்புச் சாவு என்னும் கொள்ளைநோயைப் பற்றிய எங்கள் ஒலிப்பாடத்தைக் கேட்ட ஒருவர், அதன் காரணமாகவே அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று மறுத்துவிட்டார் என்னும் செய்தி, எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. செய்தியைக் கொண்டுவந்தவர் அவருடைய மனைவி கஸ்தூரி. ஆதாரமாகக் கணவரையும் உடன் அழைத்து வந்திருந்தார்.

கணவர் பெயர் முனுசாமி. ஹெப்பகோடியிலிருந்து ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்ஸின் ஓட்டுநர். வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு சோபாவின் நுனியில் அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். வலியில் முகம் சுருங்கியது. ஆயினும் கும்பிட்டு முடித்த பின்னரே உட்கார்ந்தார்.

"இவருதானே அதுல பேசறவரு?" என்று கஸ்தூரி ரேவதியிடம் கேட்டார். ரேவதி எங்கள் ஒலித்தொடரின் தயாரிப்பாளர், திருப்பத்தூர்ப் பெண்.

"ஆமாம்மா."

கஸ்தூரி என் பக்கம் திரும்பினார். "சாமி, நீங்க பெரியவரு, கோவிச்சுக்காதீங்க. இவருக்குப் பித்தப்பையில கல்லு. பை வீங்கிக் கெடக்குது, உள்ள ஒடைஞ்சா உசுருக்கே ஆபத்து, இந்த மாசத்துக்குள்ள எடுத்துடணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இந்த மனுசன் மாட்டேங்குது. கேட்டா, 'பெரியவரு சொல்லிட்டாரு, நோய் தானா போயிடும்'ங்குது. நீங்க எப்ப சொன்னீங்க, இன்னாத்துக்குச் சொன்னீங்க, எனக்குத் தெரியாது. சொன்ன வாயாலயே இல்லைன்னு சொல்லிடுங்க. எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாவுது."

ரேவதி என்னைப் பார்த்தார். நான் முனுசாமியைப் பார்த்தேன். அவர் மட்டும் நிம்மதியாக இருந்தார்.

சொன்னது நான்தான். அதில் ஐயமே இல்லை. எப்படிச் சொல்ல நேர்ந்தது என்பதை விளக்கிவிட்டு மேலே செல்கிறேன்.

2. பலன் வந்த வழி

நான் ஆஸ்டின் டவுன்காரன். ஓர் இயந்திரத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். தெருக்கோயிலில் பதிகம் ஓதுவது இளமை தொட்டு வந்த வழக்கம். ஒரு மார்கழிக் காலையில் அங்கே வந்த ரேவதி, ஓதி முடிக்கும் வரை காத்திருந்து, "சார், உலக வரலாறு படிப்பீங்களா?" என்று கேட்டார்.

"படித்ததில்லை அம்மா."

"படிக்க வேணாம் சார், வாசிச்சாப் போதும். குரல் வேணும்."

அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். சுவரெல்லாம் நுரைப் பஞ்சு ஒட்டிய ஒரு சிறிய அறை. அதற்கு பூத் என்று பெயர். கண்ணாடிக்கு அப்பால் ரேவதி. காதில் ஹெட்ஃபோன். அவர் குழு எழுதும் ஸ்கிரிப்டை நான் வாசிக்க வேண்டும். ஒரு சொல் தடுக்கினால் அந்த இடத்திலிருந்து மட்டும் மறுபடி பதிவு செய்து ஒட்டுவார்கள். அதற்கு பஞ்ச்-இன் என்று பெயர். பஸ்ஸிலும் கேபிலும் வேலைக்குப் போகிறவர்கள் செல்போனில் கேட்டபடி உலக வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும் என்பது நிறுவனத்தின் நோக்கம். மெசபடோமியாவில் தொடங்கினோம். எகிப்து வரை ஒரு குறையும் இல்லை.

அலெக்சாண்டரில்தான் அது நிகழ்ந்தது. உலகை வெல்லப் புறப்பட்டவர் இந்திய ஆற்றங்கரையிலிருந்து படையோடு திரும்பி, ஊர் போய்ச் சேராமலேயே பாபிலோனில் இறக்கிறார். ஸ்கிரிப்ட் அங்கே முடிந்துவிட்டது. ரேவதி "கட்" என்றார். எனக்கு வாய் மூடவில்லை.

எங்கள் வழக்கத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதிகத்தின் நிறைவுப் பாடல், அதை ஓதுவோரும் கேட்போரும் அடையும் பலனைச் சொல்லும். அந்தப் பலனைச் சொல்லாமல் ஓதுபவன் எழுந்திருப்பது, விருந்தினரைப் பாதிச் சாப்பாட்டில் இலையை எடுத்து அனுப்புவதற்கு ஒப்பு. அதிலும் ஒரு மரணத்தில் கேட்பவரை நிறுத்திவிட்டு எழவே கூடாது. இத்தனை ஆண்டுப் பழக்கம் என் நாவைச் சும்மா இருக்க விடவில்லை. "அலெக்சாண்டரின் இச்சரிதம் கேட்டோர், தொலைதேசம் சென்றாலும் நலமே வீடு திரும்புவர்" என்று நிறைவு செய்தேன்.

ஹெட்ஃபோனில் ரேவதியின் குரல் வந்தது. "சார், அது ஸ்கிரிப்ட்ல இல்லையே?"

"இல்லை அம்மா. ஆனால் கேட்பவரைப் பாபிலோனிலேயே விட்டுவிட்டு எப்படி எழுந்திருப்பது?"

அவர் சிரித்தார். மறுபடி ஓடவிட்டுக் கேட்டார். "கேக்க நல்லாத்தான் சார் இருக்கு. இருக்கட்டும்."

இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் பலன் சொன்னேன். பொருளோடு பொருந்தவே சொன்னேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சீனப் பெருஞ்சுவரைக் கேட்டோருக்குப் பக்கத்து மனைக்காரரோடு வழக்கு வராது. ரோமாபுரியின் வீழ்ச்சியைக் கேட்டோர் கட்டிய வீடு விரிசல் காணாது. செங்கிஸ்கானைக் கேட்டோரின் வாகனம் நடுவழியில் நிற்காது. பிறகு கறுப்புச் சாவு வந்தது. ஊர் ஊராக மனிதர் மாண்டுபோன அந்தப் பாடத்தை வாசித்து முடித்தபோது என் கண் கலங்கியிருந்தது. அந்த நெகிழ்ச்சியில், "இதைக் கேட்டோர் உடற்பிணி யாவும் தானே நீங்கி நீடு வாழ்வர்" என்று சொல்லிவிட்டேன்.

3. ஆசார நியமங்கள்

முதலில் மகிழ்ந்தவர் எங்கள் முதலாளி பிரதீப். மைசூர்க்காரர்; தமிழ் பேசுவார், அவசரத்தில் கன்னடம் வந்துவிடும்.

"நோடி, பாருங்க சார், ஜனங்க கடைசி செகண்ட் வரைக்கும் கேக்கறாங்க! யாரும் எதையும் கடைசி வரைக்கும் கேக்க மாட்டாங்க. என் ஆப்தான், நானே கேட்டதில்ல."

கடைசி வரை கேட்டதன் காரணம் அவருக்கு அப்போது தெரியாது. வாடிக்கையாளர் பிரிவுக்கு வந்த கேள்விகளை ரேவதி என்னிடம் எடுத்து வந்தபோதுதான் எங்களுக்கே விளங்கத் தொடங்கியது.

"சார், ஒருத்தர் கேட்டிருக்கார். கறி சாப்பிட்ட அன்னிக்கு ரோமாபுரி கேக்கலாமான்னு. என்ன சொல்றது?"

"ரோமாபுரிக்கு ஆசார நியமம் எதுவும் இல்லை என்று எழுதுங்கள்."

"கர்ப்பிணிப் பெண்கள் சிலுவைப் போரைக் கேக்கலாமா?"

"பிரசவத்துக்குப் பிறகு கேட்கட்டும். சத்தம் அதிகம்."

"இன்னொருத்தர், நடுவுல சில பாடத்தைத் தாண்டிக் கேட்டாப் பலன் வருமான்னு கேக்கறார்."

நான் சிந்திக்கவே இல்லை. "தாண்டக் கூடாது. முதலிலிருந்து வரிசையாகக் கேட்பதே முறை" என்றேன். ஓதுகின்றவனுக்கு அது மூச்சைப் போன்ற விதி. வரலாற்றுக்கும் அதுவே நியாயமாகத் தோன்றியது. பேரரசு எழுவதற்கு முன்னால் வீழ்ந்தால் என்ன புரியும்? ரேவதி அதை அப்படியே ஆப்பில் விடையாகப் போட்டுவிட்டார்.

அதன் விளைவாக ஹெப்பகோடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உலக வரலாறு முற்றோதல் நடைபெற்றது. குத்துவிளக்கு ஏற்றி, நடுவில் ப்ளூடூத் ஸ்பீக்கரை வைத்து, மெசபடோமியாவில் தொடங்கி அச்சு இயந்திரம் வரை ஒரே அமர்வில் கேட்டார்கள். அசோகருக்குச் சுண்டல், செங்கிஸ்கானுக்குப் புளியோதரை. முன்னின்று நடத்தியவர் முனுசாமி. அவர் பஸ்ஸில் தினமும் எங்கள் பாடம்தான் ஓடிற்று. செங்கிஸ்கானுக்குப் பிறகு வண்டி ஒருநாளும் பிரேக் டவுன் ஆகவில்லை என்பது அவர் கண்ட அனுபவம்.

4. சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுதல்

இனி வரவேற்பறைக்குத் திரும்புகிறேன்.

முனுசாமியின் அருகில் அமர்ந்தேன். "ஐயா, நான் சொன்ன பலன் ஒரு வழக்கத்தால் சொன்னது. அது மருந்தாகாது. நீங்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்" என்றேன்.

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "சாமி, பெரியவங்க எப்பவும் தன்னைத் தாழ்த்தித்தான் பேசுவாங்க."

"தாழ்த்திப் பேசவில்லை. உண்மையைச் சொல்கிறேன்."

"செங்கிஸ்கான் பலிச்சுதே?"

"நீங்கள் வண்டியை ஒழுங்காக சர்வீஸ் செய்தீர்கள்."

"சர்வீஸ் பண்ணணும்னு புத்தி குடுத்தது யாரு?"

கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டார். "பாத்தீங்களா? தினம் இதே வக்காலத்துதான்."

அன்று மாலையே நிறுவனத்தின் வக்கீலை அழைத்தார் பிரதீப். வக்கீலின் யோசனைப்படி, பாடத்தின் முன்னால் ஓர் எச்சரிக்கையை நானே வாசித்தேன்: இந்த வரலாறு எந்த நோயையும் குணப்படுத்தாது. முனுசாமியிடமிருந்து ரேவதிக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. "மேடம், அது நம்பிக்கை இல்லாதவங்களுக்குப் போட்டது. நமக்கில்ல, தெரியும்."

பிறகு கறுப்புச் சாவின் பலனையே நீக்கிவிட்டு மறுபதிவு செய்தோம். அதற்கும் செய்தி வந்தது. "மேடம், பழசை நான் டவுன்லோடு பண்ணி வெச்சிருக்கேன். மொதல்ல சொன்னது மனசுலேர்ந்து வந்தது. ரெண்டாவது ஆபீஸ் சொல்லி வந்தது. குரல்லயே தெரியுது."

உண்மையில் குரலில் தெரியத்தான் செய்தது. ஒலிப்பதிவுத் தொழிலில் இது ஒரு சங்கடம்.

பிரதீப்புக்கு இதற்கிடையில் வேறொரு யோசனை உதித்திருந்தது. ஆப்பில் திருமணம், விசா, கடன், வேலை என்று பொத்தான்கள் வைத்து, அழுத்தினால் அதற்குரிய உலக வரலாறு ஒலிக்க வேண்டும் என்றார். ரேவதி எழுந்து நின்றுவிட்டார். "சார், ஒரு மனுஷன் உயிர் போகப்போகுது. நீங்க விசாவுக்கு அலெக்சாண்டரைத் தேடறீங்க." பிரதீப் மடிக்கணினியை மூடினார். "சரி, ஏன் மாடோது, என்ன பண்றது, மொதல்ல அவர் கல்லு வெளிய வரட்டும்" என்றார். அந்தப் பேச்சு அத்துடன் நின்றது.

5. ஓட்டுநரின் காரணம்

நான் ஹெப்பகோடிக்குப் போனேன். பஸ்கள் நிற்கும் திடலில், தம் வண்டியின் படியில் அமர்ந்து முனுசாமி மோர் குடித்துக்கொண்டிருந்தார். பயணிகள் யாரும் இல்லை. என்னை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் அமரச் செய்து, தாமும் டம்ளரோடு தம் இருக்கையில் ஏறி அமர்ந்தார்.

"முனுசாமி ஐயா, நீங்கள் என் பலனை நம்புகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் வலி குறைந்ததா?"

"இல்ல."

"கூடியதா?"

மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "கூடிச்சு."

"பிறகு ஏன் இந்தப் பிடிவாதம்?"

ஸ்டியரிங்கின் உறையைத் தடவினார். "வெட்டறதுக்குப் பயம் இல்ல சாமி. தூங்க வெப்பாங்களாமே, அதுதான். இவ்வளவு பேரை ஏத்திக்கினு போறேன், கண்ணை மூடாம இருக்கறதுதான் என் பொழப்பு. பின்னாடி எல்லாரும் தூங்குவாங்க, நான் தூங்கக் கூடாது. வேற டிரைவர் ஓட்டற வண்டியில நான் ஏறினாலும் தூங்க மாட்டேன், அவன் கிளட்ச்சையே பாத்துக்கினு வருவேன். அங்க படுத்துட்டா யாரு பாத்துக்கறது? எழுப்புவாங்கன்னு என்னா கியாரண்டி? இத கஸ்தூரிகிட்டச் சொன்னா சிரிப்பா. நீங்க சொன்ன பலனைச் சொன்னா ஆம்பளையா தைரியமா இருக்கறதா ஆவும்."

நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

"ஐயா, அந்தத் தூக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. மயக்க மருந்தை மனிதர் எப்படிக் கண்டார்கள், முதலில் தூங்கியவர் எப்படி எழுந்தார் என்பதெல்லாம் இருக்கிறது. இப்போதே சொல்லட்டுமா?"

முகம் மலர்ந்தது. "அது எத்தனாவது பாடம் சாமி?"

"இன்னும் வரவில்லை. நாம் இப்போது அச்சு இயந்திரத்தில் இருக்கிறோம். மயக்க மருந்து வந்தது ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறில்."

"அப்ப வரிசையா வரட்டும். தாண்டினாப் பலன் இல்லைன்னு நீங்கதானே ஆப்புல போட்டிருக்கீங்க? அந்தப் பாடம் வந்து, அதுக்கு நீங்க பலனும் சொல்லிட்டீங்கன்னா, நான் போய்ப் படுத்துடறேன். இது சத்தியம்."

மாதம் முடிய மூன்று வாரமே இருந்தது. அடுத்த பாடமான கொலம்பஸிலிருந்து கடக்க வேண்டியவை மூன்றரை நூற்றாண்டுகள்.

6. ஸ்பிரிண்ட்

மென்பொருள்காரர்கள் ஒரு வேலையைக் குறுகிய காலத்தில் ஓடி முடிப்பதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரதீப் அந்த மூன்றரை நூற்றாண்டுகளுக்கு ஒரு ஸ்பிரிண்ட் போட்டார். வெள்ளைப் பலகையில் இடது ஓரத்தில் கொலம்பஸ், வலது ஓரத்தில் முனுசாமி என்று எழுதியிருந்தது.

பலன் இல்லாத பாடத்தை முனுசாமி கேட்டதாகவே கணக்கில் வைக்க மாட்டார் என்பதால் பலன் சொல்லியாக வேண்டும். ஆனால் நோய் என்னும் பேச்சே வரக் கூடாது, யாரும் வழக்குத் தொடுக்க இயலாத பலனாக இருக்க வேண்டும் என்று வக்கீல் நிபந்தனை விதித்து, பூத்துக்கு வெளியே நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டார்.

கொலம்பஸுக்கு, "வழி தவறினாலும் ஏதேனும் ஒரு கரையை அடைவர்" என்றேன். வக்கீல் தலையசைத்தார். பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய பாடத்துக்கு, "வீட்டில் தேயிலைத் தூளுக்குக் குறைவிராது" என்றேன். அதையும் ஒப்புக்கொண்டார். பிரெஞ்சுப் புரட்சியில் அரசனின் தலை வெட்டப்பட்டபோது, "தலைவலி நீங்கப் பெறுவர்" என்று சொல்லிவிட்டேன். கண்ணாடியைத் தட்டினார். தலைவலி நோய்ப் பட்டியலில் வருமாம். "தலைப்பாகை நழுவாது" என்று பஞ்ச்-இன் செய்தோம்.

எழுதும் குழுவினர் குறுக்கிக்கொண்டே போனார்கள். முப்பதாண்டுப் போர் ஒரே டேக்கில் முடிந்தது. "சார், ஸ்பானிய வாரிசுரிமைப் போரை விட்டுடலாமா? யாருக்கும் தெரியாது" என்றார் ரேவதி.

"முனுசாமி கண்டுபிடித்துவிட்டால்?"

"அவருக்கு எப்படி சார் தெரியும்?"

"பின்னால் ஏறியவர்களை எண்ணிப் பார்க்காமல் வண்டியை எடுக்காதவர் அம்மா. விட வேண்டாம்."

ஒரு வாக்கியம் கொடுத்தோம். ஐரோப்பா முழுவதும் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்ட போர் அது.

கஸ்தூரி தினமும் தொழிற்சாலையின் உணவு இடைவேளையில் தொலைபேசியில் அழைப்பார்.

"சாமி, எங்க இருக்கீங்க?"

"நியூட்டன் மரத்தடியில் அமர்ந்திருக்கிறார் அம்மா."

"எழுந்துக்கச் சொல்லுங்க. நேத்து ராத்திரி ரெண்டு வாட்டி வாந்தி."

மறுநாள்: "எங்க இருக்கீங்க?"

"பாரிஸில். சிறைச்சாலையைத் தகர்க்கிறார்கள்."

"தகத்துட்டுச் சட்டுனு வாங்க."

ஒரு வெள்ளிக்கிழமை காலை, நெப்போலியன் மாஸ்கோவிலிருந்து பனியில் திரும்பிக்கொண்டிருந்த பத்தியின் நடுவே, பூத்தின் கதவு திறந்தது. பதிவு நடக்கும்போது கதவைத் திறப்பது எங்கள் தொழிலில் பெருங்குற்றம். திறந்தவர் ரேவதி. "சார், கிளம்புங்க. முனுசாமிய ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. பை எப்ப வேணா ஒடையலாமாம். கையெழுத்துப் போட மாட்டேங்கறார். உங்களைத்தான் கேக்கறார்."

7. வார்டில் வாட்டர்லூ

முனுசாமிக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. கண்கள் மஞ்சளித்திருந்தன. கட்டிலின் அருகே, கையில் ஒப்புதல் தாளுடன் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் நின்றிருந்தார், நடுவயதுப் பெண்மணி. கோபத்தை அடக்கிக்கொண்டிருந்தது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"யாரும்மா இவர்? சொந்தமா?"

"இவருதான் டாக்டரம்மா, நெப்போலியன்" என்றார் கஸ்தூரி.

ரேவதி இரண்டு வாக்கியங்களில் நடந்ததை விளக்கினார். மருத்துவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியில் இருந்த திருநீற்றையும் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டிலிருந்து நாற்பத்தாறு வரை, அம்மா."

"ஆபரேஷன் தியேட்டர் ரெடியாக அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள முடிங்க. முடிஞ்சதும் அவர் கையெழுத்துப் போடணும். இல்லன்னா நான் பொறுப்பில்ல."

மைக் இல்லை, ஸ்கிரிப்ட் இல்லை, பஞ்ச்-இன் இல்லை. நெப்போலியனைப் பனியிலிருந்து மீட்டு, எல்பா தீவுக்கு அனுப்பி, உடனே திரும்ப அழைத்து வந்தேன். வாட்டர்லூவில் முந்தின இரவு மழை பெய்ததால் களம் சேறாகிவிட்டது என்பதைச் சொன்னபோது, முனுசாமி கண்ணை மூடியபடியே, "சேத்துல வண்டி எடுக்கக் கூடாது" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து படுத்திருந்தவர், "பெரியவரே, அவன் குதிர இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"யோவ், நேரமில்ல, நடுவுல பேசாத!" என்று கஸ்தூரி அதட்டினார்.

நெப்போலியனை இன்னொரு தீவில் விட்டேன். நீராவி ரயிலை ஓடவிட்டேன். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழித்தேன். சலைன் பாட்டிலை மாற்ற வந்த செவிலி அப்படியே நின்றுவிட்டார். மருத்துவரும் இருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பிறகு பார்க்கவில்லை.

பாஸ்டனுக்கு வந்தேன். ஒரு மருத்துவமனை அரங்கு. கழுத்தில் கட்டியோடு ஓர் இளைஞர். அதற்கு முன்பெல்லாம் அறுவைச் சிகிச்சை என்றால் ஆட்கள் நோயாளியை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்று ஒரு பல் மருத்துவர் ஈதர் என்னும் ஆவியைக் கொண்டுவருவதாக ஏற்பாடு. அவர் தாமதமாக வந்தார். எல்லாரும் இனி வர மாட்டார் என்று முடிவு செய்த வேளையில் வந்தார். ஆவியை முகரச் செய்தார். இளைஞர் உறங்கினார். கட்டியை அகற்றினார்கள். அவர் கத்தவில்லை.

"எழுந்தாரா?" என்று முனுசாமி கேட்டார்.

"எழுந்தார். வலிக்கவில்லை, சுரண்டியது போல் இருந்தது என்று சொன்னார்."

முனுசாமி நீண்ட மூச்சு விட்டார். பிறகு கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தார். "பலன் சொல்லுங்க சாமி."

வார்டு முழுவதும் என் வாயைப் பார்த்தது. பழகிய நா தயாராகவே இருந்தது. கேட்டோர் உறங்கி எழுவர் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் சொல் வரவில்லை. நான் ஓதி வளர்ந்த பதிகங்களில் பலன் சொன்ன அடியார்களுக்குப் பின்னால், அதைத் தருபவன் நின்றான். அவர்கள் அவனைக் கேட்டே சொன்னார்கள். எனக்குப் பின்னால் இத்தனை மாதமும் நின்றது நுரைப் பஞ்சு ஒட்டிய சுவர். தர இயலாததை இந்த மனிதருக்கு இரண்டாம் முறையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"முனுசாமி ஐயா, இந்தப் பாடத்துக்குப் பலன் சொல்ல வேண்டியவன் நான் அல்லேன். தருகிறவர் எவரோ, அவர்தான் சொல்ல வேண்டும்" என்று கூறி, மருத்துவரைக் கைகூப்பி வேண்டிக்கொண்டேன்.

மருத்துவர் திகைத்தார். "நானா? என்ன சொல்லணும்?"

"இதைக் கேட்டவருக்கு என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டும். நடக்கக்கூடியதை மட்டும் சொன்னால் போதும் அம்மா."

அவர் ஒப்புதல் தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். முதல் முறையாகக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"முனுசாமி, நீங்க தூங்கும்போது உங்க தலைமாட்டுல ஒரு டாக்டர் உக்காந்திருப்பார். அவருக்கு வேற வேலையே கிடையாது. உங்க மூச்சையும் நாடியையும் பாத்துக்கிட்டே இருப்பார், கண்ணை எடுக்க மாட்டார். வேலை முடிஞ்சதும் அவர்தான் உங்களை எழுப்புவார். நான் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். எழுந்ததும் வலிக்கும், வலிக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன். மருந்து குடுப்பேன். பசிக்குதுன்னு சொல்லுவீங்க, சோறு தர மாட்டேன். உங்க பை ரொம்பக் கெட்டுப் போயிருக்கு, அதனால கஷ்டம் இருக்கு. ஆனா இதை நான் நெறைய பண்ணியிருக்கேன். நல்லாப் பண்ணுவேன். பாஸ்டனுக்கு அடுத்த வருஷம் வியன்னாவுல ஒருத்தர் டாக்டருங்க கை கழுவணும்னும் கண்டுபிடிச்சார். அதையும் நான் பண்ணுவேன். போதுமா?"

முனுசாமி யோசித்தார். "தலைமாட்டுல இருக்கறவரு தூங்க மாட்டாரே?"

"தூங்கினா நானே அடிப்பேன்."

"பேனா குடுங்க" என்றார்.

8. கற்றது

கல் வெளியே வந்தது. பையும் வந்தது. முனுசாமி எழுந்தார். மருத்துவர் சொன்ன எல்லாமே, சோறு தராதது உட்பட, அப்படியே நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகு, டாக்டரம்மாவின் பலன் என்னுடையதைவிடத் துல்லியமாக இருந்தது என்று என்னிடம் தயங்கித் தயங்கித் தெரிவித்தார். நான் மனம் கோணவில்லை.

இப்போதும் வாசிக்கிறேன். தொடர் முதல் உலகப் போரை நெருங்கிக்கொண்டிருக்கிறது. பாடத்தின் முடிவில் பலன் சொல்வதில்லை; கேட்டவர்களுக்கு நன்றி கூறி, ஆண்டவன் துணை என்று நிறுத்திக்கொள்கிறேன். இத்தொழிலுக்கு வரும் இளையவர்கள் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கேட்பவர் உங்கள் குரலை முகமில்லாமல் கேட்கிறார். ஆகவே முழுவதுமாக நம்புகிறார். கொடுக்க முடிகிற ஒன்றை மட்டுமே அவருக்கு வாக்களியுங்கள். கொடுக்க முடிகிறவர் பக்கத்தில் இருந்தால் மைக்கை அவரிடம் தள்ளுங்கள்.

சென்ற மாதம் அந்த மருத்துவர் ரேவதியைத் தொலைபேசியில் அழைத்தார். ரேவதி ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க பெரியவர் பண்ணின வேலை, இப்ப வார்டுல ஒருத்தர்கூடச் சும்மா கையெழுத்துப் போடறதில்ல. தாளை நீட்டினா, 'பலன் சொல்லுங்க டாக்டர்'ங்கறாங்க. கன்னடக்காரங்களும் கேக்கறாங்க."

"நீங்கள் சொல்கிறீர்களா அம்மா?" என்று நான் கேட்டேன்.

"சொல்லாம? ஆனா சொல்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு வாட்டியும் போய் ஸ்கேனை இன்னொரு தடவை பாத்துட்டு வரேன்."